மறுக்கப்பட்ட தஞ்சக் கோரிக்கையும் சபையின் சாட்சியமும்: ஒரு மூப்பரின் அனுபவம்

மத நம்பிக்கையால் உயிராபத்து என்று சொல்லிப் பிரித்தானியாவில் தஞ்சம் கோரிய ஒருவரின் கோரிக்கை மறுக்கப்பட்டு மேன்முறையீட்டுக்கு வரும்போது, வழக்கு பெரும்பாலும் அவருடைய நாட்டு நிலைமையைப் பற்றியதாக இருப்பதில்லை. ஈரானில் இஸ்லாத்தை விட்டுக் கிறிஸ்தவத்துக்கு வந்தவர் தம் விசுவாசத்தை வெளிப்படையாகக் கடைப்பிடித்தால் துன்புறுத்தப்படுவார் என்பதை மேல் தீர்ப்பாயம் 2020ஆம் ஆண்டு பி.எஸ். வழக்கில் வழிகாட்டித் தீர்ப்பாகவே எழுதிவைத்திருக்கிறது. எஞ்சி நிற்பது ஒரே கேள்வி: இந்த மனிதர் உண்மையாகவே கிறிஸ்தவரா, அல்லது விசாவுக்காக அப்படிச் சொல்கிறாரா? அந்தக் கேள்விக்கு விடை காண நீதிபதிக்கு உதவக்கூடியவர்கள், வழக்காளிக்கு அடுத்தபடியாக, அவரோடு ஒவ்வொரு வாரமும் வழிபடுகிறவர்கள்தான். இலண்டனில் உள்ள எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவனாக நான் ஓர் ஈரானிய நண்பருக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறேன். இப்படியான வேண்டுகோள் பல தமிழ்ச் சபைகளுக்கும் வந்துகொண்டிருப்பதால், நான் கண்டதையும் கற்றதையும் எழுதிவைக்க விரும்புகிறேன். நண்பரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன். நான் சட்டத்தரணி அல்லன் என்பதையும் வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் சபையில் காலையில் தமிழ் ஆராதனையும் மதியத்தில் ஆங்கில ஆராதனையும் நடக்கும். நண்பர் மதிய ஆராதனைக்கு வந்தார். தொண்ணூறுகளில் தஞ்சம் கேட்டு வந்து, என் வழக்கையும் மேன்முறையீட்டில் நடத்திப் பார்த்தவன் என்பதால், அவர் கையில் வைத்திருந்த கடித உறையைக் கண்டவுடனேயே அது என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது.

மறுப்புக் கடிதத்தை எல்லோரும் முதலில் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார்கள். அங்கே முடிவு மட்டுமே இருக்கும். வழக்கு இருப்பது நடுப் பக்கங்களில், "நீர் இப்படிச் சொன்னீர், ஆனால்" என்று தொடங்கும் ஒவ்வொரு பத்தியிலும். நண்பரின் கடிதத்தில் முக்கியமான காரணம் ஒரு திகதி. தாம் போய்வந்த வீட்டுச் சபைக்குள் அதிகாரிகள் புகுந்தது 1400ஆம் ஆண்டு பஹ்மன் மாதத்தில் என்று அவர் நேர்காணலில் சொல்லியிருந்தார். அது 2021 என்று பதிவாகியிருந்தது. அப்படியானால் அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக அதே ஊரில் பயமில்லாமல் எப்படி இருந்தீர் என்று கடிதம் கேட்டது. ஈரானியரின் புத்தாண்டு, நம் சித்திரைப் புத்தாண்டைப் போலவே, ஆங்கில ஆண்டின் நடுவே, மார்ச் 20 அல்லது 21இல் பிறக்கிறது. அவர்களுடைய ஆண்டோடு 621ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்பது ஆண்டின் முதல் ஒன்பது மாதங்களுக்கும் பத்தாம் மாதத்தின் தொடக்க நாட்களுக்கும்தான் பொருந்தும். அதன் பின் 622ஐக் கூட்ட வேண்டும். பஹ்மன் பதினோராவது மாதம். 1400 பஹ்மன் என்பது 2022 ஜனவரி 21க்கும் பெப்ரவரி 19க்கும் இடைப்பட்ட காலம். அந்தப் பன்னிரண்டு மாதக் குழப்பம் ஒரு மனிதரைப் பொய்யராக்கியிருந்தது. ஈரானியரோ ஆப்கானியரோ யாருக்கு நீங்கள் உதவினாலும், வாக்குமூலத்தில் ஒவ்வொரு திகதியையும் அவர்களுடைய நாட்காட்டியிலும் ஆங்கில நாட்காட்டியிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நேர்காணலின் எழுத்துப் பிரதியையும் ஒலிப்பதிவையும் கேட்டுப் பெற்று, தாய்மொழி தெரிந்த ஒருவரோடு அமர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் வேதாகம அறிவு. பல கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்ன நண்பர், பெந்தெகொஸ்தே நாளைப் பற்றிக் கேட்டபோது தடுமாறியிருக்கிறார். அதுவும் எழுதப்பட்டிருந்தது. இத்தகைய வினாடிவினாக்களால் விசுவாசத்தை அளக்க முடியாது என்று பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பல கட்சிக் குழுவொன்று 2016இலேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 2019இல், வெளிப்படுத்தின விசேஷம் போன்ற நூல்களின் வசனங்களை எடுத்துக்காட்டிக் கிறிஸ்தவம் சமாதானமான மதம் அல்ல என்று வாதிட்டு ஓர் ஈரானியருக்கு எழுதப்பட்ட மறுப்புக் கடிதம் பெரும் செய்தியானது. அந்த முடிவு மறுபரிசீலனைக்குப் போனது. ஆனாலும் இத்தகைய கேள்விகள் வருவது நிற்கவில்லை. எங்கள் சபையிலேயே நாற்பது வருடங்களாக வரும் அம்மாமார் பலர் அந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய விசுவாசத்தை யாரும் சந்தேகித்ததில்லை. இருந்தாலும் நண்பரை நாங்கள் பரீட்சைக்குப் படிப்பிக்கவில்லை. மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் விசுவாசம் நீதிபதியின் காதில் எப்படி ஒலிக்கும் என்று சட்டத்தரணி எங்களை எச்சரித்திருந்தார்.

நாட்டுக்குள் இருக்கும் ஒருவர் மறுப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீட்டைப் பதிவுசெய்ய வேண்டும். தங்குமிடம் மாற்றப்பட்டவரின் கடிதம் பழைய முகவரிக்குப் போய்க் கிடப்பது சாதாரணமாக நடப்பது. ஆகவே முகவரி மாறிய அன்றே, தஞ்சக் கோரிக்கைகளை முடிவுசெய்யும் உள்துறை அமைச்சான ஹோம் ஒபிஸுக்கும் சட்டத்தரணிக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தஞ்ச வழக்குகளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லீகல் எய்ட் என்ற அரச செலவிலான சட்ட உதவி இன்னமும் உண்டு. வழக்கு வெல்லும் வாய்ப்பையும் வருமானத்தையும் பார்த்துத்தான் அது கிடைக்கும் என்றாலும், கேட்காமல் விட்டுவிடக் கூடாது. மதம் மாறிய கேஸ் செய்து தருகிறோம் என்று காசு கேட்கும் ஆட்கள் எல்லா மொழிச் சமூகங்களிலும் இருக்கிறார்கள். ஆலோசனை சொல்பவர் சட்டத்தரணியாகவோ, முன்பு ஓ.ஐ.எஸ்.சி. என்று அறியப்பட்டு 2025இல் பெயர் மாறிய குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிவுசெய்தவராகவோ இருக்கிறாரா என்று பாருங்கள்.

நண்பரின் முதல் விசாரணையில் மேன்முறையீடு தள்ளுபடியானது. அப்போது சபையின் சார்பில் ஒரு கடிதமும் போதகரின் சாட்சியமும் இருந்தன. நீதிபதி, ஈரானில் நடந்ததாகச் சொன்னவற்றை நம்ப முடியவில்லை என்று முதலில் முடிவுசெய்தார். இத்தாலியையும் பிரான்ஸையும் கடந்து வந்தவர் அங்கே தஞ்சம் கேட்காதது, 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி நம்பகத்தன்மையைக் குறைக்கிறது என்றும் சேர்த்தார். அதன் பிறகுதான் சபையின் சாட்சியத்துக்கு வந்து, "ஏற்கெனவே பொய் சொன்னவர் போதகரையும் ஏமாற்றியிருக்கிறார்" என்ற பொருளில் இரண்டு வரியில் அதை ஒதுக்கிவிட்டார். தீர்ப்பை வாசித்துவிட்டு நண்பர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "போதகர் சொன்னதை அவர் கேட்டாரா?"

மேல் தீர்ப்பாயத்துக்கான வாசல் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது. மேல் தீர்ப்பாயம் வழக்கைத் திரும்ப முதலிலிருந்து விசாரிக்கும் இடம் அல்ல. கீழ் நீதிபதியின் தீர்ப்பில் சட்டப்பிழை இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும். "நீதிபதி என்னை நம்பவில்லை, அது அநியாயம்" என்பது சட்டப்பிழை அல்ல. ஆனால் சாட்சியங்கள் அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல், ஒரு பகுதியைக் கொண்டு முடிவெடுத்துவிட்டு மறுபகுதியை அந்த முடிவாலேயே தள்ளிவிடுவது சட்டப்பிழை. மருத்துவச் சான்றைப் பற்றி 2005இல் மிபங்கா வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சொன்னது. ஸ்கொட்லாந்தின் உயர் குடிசார் நீதிமன்றமான கோர்ட் ஒஃப் செஷன் 2018இல் டி.எஃப்., எம்.ஏ. என்ற இரு ஈரானியர்களின் வழக்கில் இதைச் சபைச் சாட்சியத்துக்கே பொருத்தியது. ஒருவர் முன்பு ஒரு விடயத்தில் பொய் சொன்னார் என்பதற்காக, அவருடைய மனமாற்றத்தைப் பற்றி அவரை நன்கு அறிந்த சபையார் சுதந்திரமாகச் சொல்வது தானாகவே பெறுமதியற்றுப் போகாது. எங்கள் சட்டத்தரணி இந்த இரண்டையும் முன்வைத்தார். மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி கேட்பதற்கும் 14 நாட்கள்தான். முதலில் முதல்நிலைத் தீர்ப்பாயத்திடமே கேட்க வேண்டும், அங்கே மறுத்தால் மேல் தீர்ப்பாயத்திடம் கேட்கலாம். மேல் தீர்ப்பாயமும் அனுமதி மறுத்தால் நீதி மீளாய்வுக்குப் போகும் பழைய வழி 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறக்குறைய முழுமையாகவே அடைக்கப்பட்டுவிட்டது. நண்பருக்கு அனுமதி கிடைத்தது. தீர்ப்பு நீக்கப்பட்டு, வேறொரு நீதிபதி முதலிலிருந்து விசாரிக்கும்படி திருப்பி அனுப்பப்பட்டது.

இவ்விடத்தில் நம்மவருக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். துன்புறுத்தல் நிச்சயம் நடக்கும் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான அளவுக்கு வாய்ப்பு இருந்தால் போதும் என்ற அளவுகோலை 1987இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வகுத்தது இலங்கைத் தமிழர்களின் சிவகுமாரன் வழக்கில். சாட்சியங்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தள்ளாமல் முழுமையாகச் சீர்தூக்க வேண்டும் என்று 2000இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியது கருணாகரன் வழக்கில். அவரும் இலங்கைத் தமிழர். சிவகுமாரன் வழக்கில் தோற்றவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்தபடியே மேன்முறையீட்டில் வென்று திரும்பி வந்தார்கள். நம் ஆட்கள் பட்ட பாட்டில் உருவான சட்டம் இன்று ஈரானியருக்கும் எரித்திரியருக்கும் அஹ்மதியருக்கும் கேடயமாக நிற்கிறது. அந்த வரலாற்றை அறிந்த தமிழன் "வருகிறவர்கள் எல்லாம் சும்மா வருகிறார்கள்" என்று சபை வாசலில் நின்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆனால் அந்த அளவுகோல் இப்போது பாதி மாறிவிட்டது. 2022 ஜூன் 28 அன்றோ அதற்குப் பின்னரோ தஞ்சம் கோரியவர்களுக்கு, தேசியம் மற்றும் எல்லைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு இரண்டு படிகளை வைக்கிறது. அவர் உண்மையில் கிறிஸ்தவரா, உண்மையில் அஞ்சுகிறாரா என்பதை 'இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்' என்ற அளவுக்கு நிரூபிக்க வேண்டும். அதைத் தாண்டிய பிறகுதான், திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய, இலகுவான அளவுகோல். ஈரானை விட்டு 2022இன் பிற்பகுதியில் வந்து சேர்ந்த நண்பர் இந்தப் புதிய விதிக்குள் வந்தார். ஆகவே முதல் படியில் சபையின் சாட்சியம் முன்னைவிடக் கனமாகத் தேவைப்பட்டது.

என் வாக்குமூலத்தைத் தயாரிக்கச் சட்டத்தரணி என்னோடு ஒரு மாலை முழுவதும் அமர்ந்தார். "இவர் உண்மையான விசுவாசி என்று நான் உறுதியாக நம்புகிறேன்" என்று நான் சொன்னதைக் குறித்துக்கொண்டு, "ஏன்?" என்று கேட்டார். அந்த "ஏன்" திரும்பத் திரும்ப வந்தது. முடிவில் எழுதப்பட்டவை சிறிய சிறிய விடயங்கள். வேதபாட வகுப்பில் யோபுவின் புத்தகம் படித்த மாலையில், நல்ல வார்த்தைகளையே பேசிய யோபுவின் சிநேகிதர்கள் மேல் கர்த்தர் ஏன் கோபப்பட்டார் என்று அவர் கேட்டது. அதற்கு அன்று எங்களில் யாராலும் திருப்தியாகப் பதில் சொல்ல முடியாமல் அடுத்த வாரமும் அதையே பேசியது. புதிதாக வந்த பாரசீக மொழிக்காரருக்குப் பின்வரிசையில் அமர்ந்து பிரசங்கத்தை மெதுவாகச் சொல்லிக்கொடுத்தது. தாயாரிடம் தொலைபேசியில் உண்மையைச் சொன்ன பிறகு அவர் பல வாரங்கள் அழைப்பை எடுக்காமல் இருந்ததும், அதற்காக ஜெபிக்கும்படி அவர் எங்களிடம் கேட்டதும். ஒவ்வொன்றுக்கும் என் நாட்குறிப்பிலோ வகுப்புப் பதிவேட்டிலோ திகதி இருந்தது. ஞானஸ்நானச் சான்றிதழை விட, ஆராதனைப் படங்களை விட, இவைதான் நீதிபதியின் கேள்விகளுக்கு ஆதாரமாக நின்றன.

வரவுப் பதிவேட்டில் ஓர் இடைவெளியும் இருந்தது. அதை மறைக்காமல் நாங்களே எழுதினோம். அந்த மாதங்களில் அவரை வேறொரு பகுதியிலுள்ள ஹோட்டலுக்கு மாற்றியிருந்தார்கள். சாப்பாடு தரும் ஹோட்டலில் இருப்பவருக்கு வாரச் செலவுக்குக் கிடைப்பது 10 பவுண்டுக்கும் குறைவு. பஸ் காசு அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். சில ஞாயிறுகளில் அவர் நடந்தே வந்து, ஆராதனை முடியும் வேளையில்தான் சேர்ந்தார். விசாரணையில் ஹோம் ஒபிஸ் அதிகாரி முதலில் கேட்டது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

விசாரணை அறை பலர் நினைப்பது போலப் பெரிய நீதிமன்ற மண்டபம் அல்ல. மேசைகள், தண்ணீர்க் குவளை, நீதிபதிக்குச் சற்று உயர்ந்த இருக்கை. தீர்ப்பாயமே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும். தொடக்கத்தில் இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்களா என்று நீதிபதி கேட்பார். புரியாவிட்டால் அப்போதே சொல்ல வேண்டும். சாட்சிகள் வெளியே காத்திருப்போம். வழக்காளி முதலில் பேசுவார். என்னை அழைத்தபோது, வாக்குமூலத்தில் உள்ளது உண்மை என்று உறுதிப்படுத்தியதுடன் என் தரப்புப் பேச்சு முடிந்தது. மீதியெல்லாம் குறுக்கு விசாரணை.

"விசாவுக்காகச் சபைகளில் சேர்கிறவர்கள் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றேன். "அப்படிப்பட்டவரை உங்களால் கண்டுபிடிக்க முடியுமா?" எப்போதும் முடியும் என்று சொல்லமாட்டேன் என்றேன். அடுத்து நீதிபதியே பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "கடிதம் கேட்ட யாருக்காவது உங்கள் சபை மறுத்திருக்கிறதா?" மறுத்திருக்கிறோம், ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்தும் இருக்கிறோம், மூப்பர் கூட்டக் குறிப்புகளில் பெயர்களில்லாமல் அது பதிவாகியிருக்கிறது என்றேன். அந்தக் குறிப்பின் பிரதி ஆவணக் கட்டில் இருந்தது. 2024 ஜனவரியில் இலண்டன் கிளாப்பத்தில் இரசாயனத் தாக்குதல் நடத்தியவர், மதம் மாறியதாகச் சொல்லி மேன்முறையீட்டில் வென்றவர் என்று தெரியவந்த பிறகு இந்தக் கேள்விகள் இன்னும் கூர்மையாகியிருக்கின்றன. அவை நியாயமான கேள்விகள் என்றே நான் நினைக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே வார்ப்பில் கடிதம் கொடுக்கும் சபை, உண்மையாக வருகிறவரின் கதவையும் சேர்த்து மூடுகிறது.

இன்னொரு ஈரானியரின் வழக்கையும் அருகிலிருந்து பார்த்தேன். வேறொரு சபையைச் சேர்ந்த அவருக்கு மிக அழகான கடிதம் இருந்தது. அதை எழுதியவர் விசாரணைக்கு வரவில்லை. 2001ஆம் ஆண்டின் டொரோடியான் வழக்கிலிருந்தே, சபையைச் சேர்ந்த பொறுப்பானவர் நேரில் வந்து கேள்விகளுக்கு முகம்கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பாயங்களின் எதிர்பார்ப்பு. அவருடைய மேன்முறையீடு தோற்றது. வர முடியாது என்றால் கடிதம் எழுதும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். வேறு சாட்சியைத் தேட அவருக்கு நேரம் கிடைக்கும்.

இங்கே வந்த பிறகு மதம் மாறியவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்றும் உண்டு. தஞ்சத்துக்கு அடிப்படையாக, நாட்டை விட்டு வந்த பிறகு நடந்தவற்றையும் சொல்லலாம். ஆனால் ஹோம் ஒபிஸ் முன்பு பரிசீலிக்காத முற்றிலும் புதிய காரணத்தை, அவர்களின் சம்மதம் இல்லாமல் மேன்முறையீட்டில் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே மனமாற்றம் நடந்தவுடன் எழுத்தில் அறிவித்துவிட வேண்டும். விசாரணைக்கு முதல் வாரம் சொல்லலாம் என்று வைத்திருக்கக் கூடாது. பேஸ்புக் பதிவுகளை அச்சடித்துக் கொடுப்பதிலும் பயன் குறைவு. திருத்தப்பட்டிருக்கலாம் என்பதால் அத்தகைய அச்சுப்பிரதிகளுக்குப் பெறுமதி மிகச் சிறிதே என்று 2022இல் எக்ஸ்.எக்ஸ். என்ற ஈரான் வழக்கில் மேல் தீர்ப்பாயம் சொன்னது. கணக்கின் முழுத் தரவையும் தரவிறக்கிக் கொடுக்க வேண்டும். அதற்கும் மேலாக, ஞானஸ்நானக் காணொளியை வழக்குக்கு உதவும் என்று யூடியூபில் ஏற்றாதீர்கள். ஈரானில் இருப்பது அவருடைய தாயும் தம்பியும்.

வழக்காளி "திரும்பிப் போனால் இரகசியமாக ஜெபிப்பேன்" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது என்று பலர் அஞ்சுகிறார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் எச்.ஜே. வழக்கில், ஈரானையும் கமரூனையும் சேர்ந்த இரு தன்பாலீர்ப்பாளர்கள் தொடர்பாக வகுத்த விதியை பி.எஸ். தீர்ப்பு கிறிஸ்தவர்களுக்கும் பொருத்துகிறது. அவர் ஏன் மறைப்பார் என்று நீதிபதி கேட்க வேண்டும். துன்புறுத்தலுக்கான அச்சம் அதில் ஒரு பங்காக இருந்தாலே மேன்முறையீடு வெல்ல வேண்டும். குடும்பத்தின் மனம் நோகக் கூடாது என்பது மட்டுமே காரணம் என்றால் தோற்கும். நண்பரிடம் இது கேட்கப்பட்டபோது, ஹுசைன் சூட்மண்ட் என்ற போதகர் 1990இல் தூக்கிலிடப்பட்டதையும், யூசெப் நதர்கானிக்கு 2010இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2012இல் அவர் விடுதலையானதையும் தம் வீட்டுச் சபையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதைச் சொன்னார். யாரும் சொல்லிக்கொடுத்த பதில் அல்ல அது.

தீர்ப்பு அன்றே சொல்லப்படுவதில்லை. பிறகு எழுத்தில் வரும். மேன்முறையீடு ஏற்கப்பட்டது. ஆனாலும் ஹோம் ஒபிஸுக்கும் அனுமதி கேட்க அதே 14 நாட்கள் உண்டு என்பதால், அந்தக் காலம் கழியும் வரை சபையில் அறிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அகதி அந்தஸ்து வந்த பிறகு தங்குமிடமும் கொடுப்பனவும் 28 நாட்களில் நின்றுவிடலாம். வங்கிக் கணக்கு, யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை, வாடகை அறை எல்லாவற்றையும் அதற்குள் தேட வேண்டும். மேன்முறையீட்டில் வென்றவர் வீதியில் படுப்பது இந்த வாரங்களில்தான். எங்கள் சபையின் தமிழ்க் குடும்பம் ஒன்று மேல்மாடி அறையைக் கொடுத்தது. அந்த வீட்டு அக்கா முன்பணம் கேட்கவில்லை. சாட்சிக்கு ஆள் தேடும்போதே இப்படி ஓர் அறையையும் தேடத் தொடங்கிவிடுங்கள்.